அளவெடுத்துத் தைத்த சீட் பெல்ட்

வண்டிச் சோதனை நிலையத்துக்குள் மாமனாரின் கார் நுழைந்தபோது மாப்பிள்ளை தன்னையறியாமல் எழுந்து நின்றார். அந்த நிலையத்தில் மாப்பிள்ளைதான் இன்ஸ்பெக்டர். பிரேக் பிடிக்காத லாரியைத் திருப்பி அனுப்பியவர், கதவைக் கயிற்றால் கட்டிக்கொண்டு வந்த பஸ்ஸைத் திருப்பி அனுப்பியவர். ஆனால் மாமனார் என்று வந்துவிட்டால் மனிதருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் அவர் பேசியதில் முக்கால்வாசி ‘சரிங்க மாமா’. மீதி ‘போதும் அத்தை’. அதையும் அத்தை காதில் போட்டுக்கொண்டதில்லை.

மாமனார் தையல்காரர். ஆனால் அப்படிச் சொன்னால் அவருக்குப் பொல்லாத கோபம் வரும்; ஊரே அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டது. அவர் தைத்த உடுப்பை இதுவரை யாரும் திருப்பிக் கொண்டுவந்ததில்லை என்பது அவருடைய பெருமை. உண்மைதான். திருப்பிக் கொண்டுவர எவருக்கும் துணிச்சல் இருந்ததில்லை. “சட்டை சரியாத்தான் இருக்கு. உங்க தோள்தான் ஒரு பக்கம் இறங்கியிருக்கு, டாக்டர்கிட்ட காட்டுங்க” என்பார். வந்தவர் தோளைத் தடவிக்கொண்டே போய்விடுவார்.

கார் மகளுக்காக வாங்கியது. மகளுக்கு எட்டாவது மாதம். மாப்பிள்ளைக்கு லீவு கிடைப்பது குதிரைக்கொம்பு. அதனால் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது, பிரசவத்துக்குக் கொண்டு சேர்ப்பது, பிள்ளையும் கையுமாகத் திரும்ப அழைத்து வருவது எல்லாம் இனி மாஸ்டர் பொறுப்பு என்று வீட்டில் முடிவாகியிருந்தது. கார் பழசு, ஆனாலும் ஓட்டம் நன்றாகத்தான் இருந்தது. சீட் பெல்ட் மட்டும் இல்லை. முந்தைய சொந்தக்காரர் அதைக் கழற்றி நாயைக் கட்டி வைத்திருந்தார். பெல்ட் இல்லாத காருக்குச் சான்றிதழ் கிடையாது. சான்றிதழ் தர வேண்டியவர் மாப்பிள்ளை.

முதலில் அவர் ஒழுங்காகத்தான் ஆரம்பித்தார். மாமனாரை உதிரிபாகக் கடைக்கு அழைத்துப் போய், தோளின் குறுக்காக ஒன்றும் இடுப்போடு ஒன்றுமாக வரும் சாதாரண பெல்ட்டை எடுத்துக் காட்டினார். அரசாங்கம் சோதித்து ஒப்புக்கொண்டது என்பதற்கான லேபிள் அதன் ஓரத்தில் இருந்தது. சிவப்புப் பொத்தானை ஓர் அமுக்கு அமுக்கினால் பூட்டு திறந்துகொள்ளும். காரின் உடம்பில் அதற்கென்றே விட்டிருக்கும் துளைகளில் போல்ட் போட்டு முடுக்கினால் வேலை முடிந்தது.

மாஸ்டர் பெல்ட்டை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

“இது யாரு அளவுக்குத் தைச்சது?”

“எல்லாருக்கும்தான் சார்,” என்றார் கடைக்காரர். “இழுத்தா வரும், விட்டா உள்ள போயிடும். குண்டா இருந்தாலும் சரி, ஒல்லியா இருந்தாலும் சரி.”

கடைக்காரர் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். ரெடிமேட் என்ற சொல்லையே தன் கடையில் யாரும் உச்சரிக்க விடாதவர் மாஸ்டர்.

“குண்டனுக்கும் ஒல்லிக்கும் ஒரே அளவா? இது பெல்ட்டா, கோணிப்பையா? போறவன் வர்றவன் எல்லாருக்கும் பொருந்துற ஒண்ணுல என் பொண்ணை உட்கார வைக்கவா? வாங்க மாப்பிள்ளை, போகலாம். நானே தைச்சுக்கறேன்.”

“இல்ல மாமா, அது வந்து...”

“என்ன?”

“சரிங்க மாமா.”

வினை அங்கேதான் பிடித்தது.

இப்போது நிலையத்து முற்றத்தில் மாஸ்டர் காரின் நான்கு கதவுகளையும் திறந்துவிட்டு, மாப்பிள்ளை வீட்டுக்காரர்களுக்கு நகை காட்டுகிறவர் மாதிரி ஓரமாக நின்றார். உள்ளே நான்கு பெல்ட்டுகள். பந்தயக் கார் ஓட்டுகிறவரின் படத்தை எங்கோ பார்த்துவிட்டு, இரண்டு தோளுக்கும் இடுப்பின் இரண்டு பக்கத்துக்குமாக நாலு பட்டை வைத்திருந்தார். நாடா, பள்ளிக்கூடப் பைக்குப் பட்டை விற்கும் கடையில் வாங்கியது. அவருடைய பெல்ட்டுக்குக் கோட்டுத் துணியில் உள்துணி, நெஞ்சில் மூக்குக்கண்ணாடி வைக்க ஒரு பாக்கெட். மாமியாருடையதற்கு ஓரத்தில் பூவேலை. மாப்பிள்ளை அரசாங்க உத்தியோகஸ்தர் என்பதால் அவருடையதற்குக் காலர். மகளுடையதுதான் எல்லாவற்றுக்கும் மேல். வழுவழுவென்று சாட்டின் உள்துணி, வயிற்றுப் பக்கம் அழகாக மடித்துப் பிடித்த இரண்டு கொசுவம்.

“தையலுக்குள்ள நாலு விரல் துணி விட்டிருக்கேன்,” என்றார் மாஸ்டர். “வயிறு ஏற ஏறப் பிரிச்சு விட்டுக்கலாம். பிள்ளை பொறந்ததும் மறுபடி பிடிச்சுக்கலாம். எந்தக் கம்பெனிக்காரன் செய்வான் இதை?”

“யாராவது விருந்தாளி வந்தா மாமா?”

“அளவு குடுத்துட்டுப் போகட்டும். அடுத்த வாரம் வந்து ஏறிக்கட்டும்.”

மாட்டிக்கொள்வதற்கு முதுகுப் பக்கம் வரிசையாகக் கொக்கிகள். ஒருவருக்கு இன்னொருவர் மாட்டிவிட வேண்டும். கடைசியில் மிஞ்சுகிறவருக்கு யார் மாட்டிவிடுவது என்று கேட்க மாப்பிள்ளைக்கு வாய் வரவில்லை.

ஆனால் அவருக்கு ஒன்று தெரியும். மற்றவர்களுக்குத் தெரியாமல் போகலாம், அவருக்குத் தெரியாமல் போக வழியில்லை; சம்பளம் வாங்குவதே அதற்குத்தான். பயிற்சிக் காலத்தில் அவருக்குப் படம் போட்டுக் காட்டியிருந்தார்கள். சும்மா இழுத்தால் யானைக்கும் தாங்கும் போலிருக்கிற பட்டை, வண்டி மோதுகிற அந்த ஒரு வெட்டில், தையல் போட்ட இடத்தில் அப்பளமாக உடைந்தது. உள்ளே உட்கார்ந்திருந்த பொம்மை கண்ணாடியைத் தாண்டிப் போய் விழுந்தது. அந்தப் பொம்மையின் இடத்தில் எட்டு மாத வயிற்றோடு அவர் மனைவி உட்காரப் போகிறாள். ‘மாமா, இது அறுந்துடும்’ என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

“லேபிள் இல்லையே மாமா,” என்றார்.

மாஸ்டருக்கு முகம் மலர்ந்துவிட்டது. லேபிள்தானே? மறுநாளே கார் திரும்பி வந்தது. நான்கு பெல்ட்டிலும் தங்க நூலில் லேபிள்: ‘மாஸ்டர் தையலகம். தனியாகத் துவைக்கவும். நிழலில் காயப் போடவும். மிதமான சூட்டில் இஸ்திரி போடவும்.’

மாப்பிள்ளை சீட்டுக்குப் பின்னால் குனிந்து பார்த்தார். “தோள் பட்டை ரெண்டும் சீட்டுக்குப் பின்னால கீழே தரையில போய் முடியுது மாமா. மோதினா தோளைப் போட்டு அமுக்கும். முதுகெலும்புக்கு நல்லதில்ல.”

“தோளை அமுக்குமா? அட, இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே!”

அடுத்த முறை வந்தபோது தோள் பட்டைகளுக்கு அடியில் பஞ்சு வைத்துத் தைத்திருந்தார். போட்டுப் பார்த்த மாமியார் படைத் தளபதி மாதிரி இருந்தார். அந்த அம்மாள் வாழ்க்கையில் முதல் முறையாகக் கண்ணாடி முன்னால் கொஞ்ச நேரம் அதிகமாக நின்றார் என்று கேள்வி.

“ஆபத்துன்னா ஒரே அமுக்குல கழட்ட வரணும் மாமா. கொக்கி கூடாது.”

இதற்கு மாஸ்டர் கொஞ்சம் யோசித்தார். யோசித்துக் கண்டுபிடித்ததைப் பார்த்து மாப்பிள்ளைக்கு விழி பிதுங்கியது. அரிசி மூட்டையின் வாயைத் தைப்பார்களே, ஒரு முனை நூலைப் பிடித்து இழுத்தால் மொத்தத் தையலும் சரசரவென்று பிரிந்துவரும் சங்கிலித் தையல், அதை முன்பக்கம் போட்டிருந்தார்.

“ஒரே இழுப்பு! ஆள் வெளியில!”

“மறுபடி மாட்டிக்கணும்னா?”

“தைச்சுக்கணும். ஊசி நூலு டாஷ்போர்டுல வெச்சிருக்கேன்.”

மாப்பிள்ளைக்குச் சாக்குகள் தீர்ந்துபோயின. மேலதிகாரியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன் என்று உள்ளே ஓடினார். அந்த அலுவலகத்தில் மாஸ்டரிடம் தைக்காதவர் கிடையாது. மாஸ்டரின் கார் முற்றத்துக்குள் நுழைந்தாலே ஒவ்வொருவராகக் காணாமல் போவார்கள். ஒருவர் அலமாரிக்குப் பின்னால் குனிந்து எதையோ தேடுவார், தேடிக்கொண்டே இருப்பார். மேலதிகாரிக்கு ஓட இடமில்லை. ஆளும் ஓடுகிற நிலையில் இல்லை. அவருடைய பேண்ட் எல்லாம் இடுப்பு தளர்த்துவதற்காக மாஸ்டரின் மேஜையில் கிடந்தன. இப்போது போட்டிருந்தது அவர் தம்பியுடையது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

“சார், எனக்கு மாமனார். நான் பார்க்கறது முறையில்ல. நீங்க பார்த்து...”

“யாரு, நானா? ஏங்க, என் மானமே அவர் மேஜையில மடிச்சு வெச்சிருக்குது. இருக்கற ஒண்ணும் கீழ இறங்கிக்கிட்டே இருக்கு. குடும்ப விஷயத்தைக் குடும்பத்துக்குள்ளயே முடிச்சுக்கங்க.” பிறகு வாசலில் நிழலாடுவதைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். “தாங்குமான்னு சோதிச்சுப் பாருங்க! தாங்கிச்சுன்னா சான்றிதழ் போட்டுக் குடுத்துடுங்க! மாஸ்டர், வணக்கம் மாஸ்டர்!”

வாசலில் நின்ற மாஸ்டரின் முகம் கறுத்துப்போயிற்று.

“தாங்குமாவா? என் தையலா?”

மறுநாள் காலையில் மாப்பிள்ளை ஆபீஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது மாமியாரிடமிருந்து போன் வந்தது. “உங்க மாமா தொங்குறாரு, கொஞ்சம் வந்துட்டுப் போங்க” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். மாப்பிள்ளை செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினார்.

மாஸ்டர் உட்கார்ந்த வாக்கில் தொங்கிக்கொண்டிருந்தார். கடையின் கூரையில் குறுக்கே ஓர் இரும்பு உத்திரம் ஓடியது. ஏணி போட்டு ஏறி, பெல்ட்டின் நாலு முனையையும் அதில் மாட்டி, கீழே இருந்தவர்களிடம் ஏணியை எடுத்துவிடச் சொல்லிவிட்டார். அவர் போட்டுக்கொண்டிருந்தது மகளுடைய பெல்ட். அவருடைய தொப்பையும் மகளின் எட்டு மாத வயிறும் நூல் பிசகாமல் ஒரே அளவு என்பது அளவெடுத்தபோதே தெரிந்த விஷயம். வெளியில் சொல்லாமல் வைத்திருந்தார். அவருக்கு நேர் கீழே வெட்டுத்துணிக் குவியல் கிடந்தது.

“வாங்க மாப்பிள்ளை! காபி சாப்பிட்டாச்சா? பார்த்துக்கங்க. விடியற நேரத்துல ஏறினேன். ஒரு இழை நகரலை. தாங்குதுன்னு உங்க வாயால சொல்ற வரைக்கும் நான் இறங்கறதா இல்ல.”

“மாமா, முதல்ல இறங்குங்க. பேசிக்கலாம்.”

“பேச்சு வேண்டாம். பாஸா, இல்லையா?”

தெரு கூடிவிட்டது. வாசலில் ஆட்கள், ஜன்னலில் ஆட்கள், எதிர்க்கடை மாடியில் நாற்காலி போட்டுக்கொண்டு ஆட்கள். மாஸ்டர் வியாபாரத்தையும் விடவில்லை. சட்டைக்கு அளவு கொடுக்க வந்த ஒருவரைக் கீழே நிற்க வைத்து, மேலேயிருந்தே டேப்பைத் தொங்கவிட்டுக் கழுத்தையும் தோளையும் அளந்தார். கைக்கெட்டாத இடுப்பை உத்தேசமாகப் போட்டுக்கொண்டார். வந்தவர் வாயைத் திறக்கவில்லை. மாமியார், உயரத்தில் மாட்டிய உடுப்பை எடுக்கும் கொம்பின் நுனியில் தூக்குவாளியைக் கோத்துச் சாப்பாடு அனுப்பினார். சாப்பிட்டதும் மாஸ்டர் அங்கேயே கொஞ்சம் கண்ணயர்ந்தார். குறட்டைக்கு ஏற்ப லேசாக ஆடினார். கூட்டம் சத்தம் போடாமல் காத்திருந்தது.

தூங்கி எழுந்த சமயம் பார்த்து மாப்பிள்ளை ஆரம்பித்தார். “மாமா, தொங்கறது வேற, மோதறது வேற. ஓடற வண்டி சட்டுனு நின்னா, நம்ம எடை பல மடங்கு...”

“எடை எப்படிங்க கூடும்? அந்த ஒரு நொடியில நான் என்னத்தைச் சாப்பிட்டேன்?”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. மாப்பிள்ளைக்கு அவமானமாக இருந்தது. அவருக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. தனக்குத் தெரிந்ததைத் தெரிந்த மாதிரி சொல்ல ஒரு மனிதனுக்கு எவ்வளவு நெஞ்சு வேண்டியிருக்கிறது! ‘சிரிங்க, ஆனா இது அறுந்துடும்’ என்று இரண்டு வார்த்தை. அதற்குப் பதில் அவரும் கூட்டத்தோடு சேர்ந்து சிரித்து வைத்தார். 

அப்போது மனைவி வந்தாள். இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, மூச்சு வாங்க, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். மேலே அப்பாவைப் பார்த்தாள். அவருடைய கால் இரண்டும் வீங்கிப் போயிருந்தன. அவளுடையவையும்தான்.

“என்னங்க இது? வயசான மனுஷன் காலையிலேருந்து தொங்குறாரு, நீங்க பார்த்துக்கிட்டு நிக்கறீங்க!”

“நான் என்ன பண்ண, அவர்தான்...”

“எனக்காகத்தானே தொங்குறாரு? ஊரு பூரா இதை நல்லாயிருக்குன்னு சொல்லுது. உங்க ஒருத்தருக்குத்தான் என்னென்னமோ கோளாறு தெரியுது. லேபிளு, பொத்தானு... அதெல்லாம் அவர் செஞ்சு குடுக்கலையா? நிஜமாவே ஏதாவது கோளாறு இருந்தா சொல்லுங்க. இல்லைன்னா சரின்னு சொல்லி இறக்குங்க.”

இதைவிட நேராக யாரும் கேட்டுவிட முடியாது. மாப்பிள்ளை அவளைப் பார்த்தார். அவளுடைய வயிற்றைப் பார்த்தார். சொல்லிவிடத்தான் நினைத்தார். எதிர்க்கடை மாடியில் யாரோ “சொல்லுப்பா, நேரமாகுது” என்றார்கள். மாமியார் கொம்பைப் பிடித்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மேலேயிருந்து மாஸ்டர், அந்த உயரத்திலும் எல்லாவற்றையும் மாப்பிள்ளை இஷ்டத்துக்கே விட்டுவிட்ட மாதிரி, மரியாதையாகக் கேட்டார்: “சொல்லுங்க மாப்பிள்ளை. உங்க வாயிலேருந்து வரட்டும்.”

“சரிங்க மாமா,” என்றார் மாப்பிள்ளை. “பாஸ்.”

தெருவே கைதட்டியது. மாஸ்டருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. இரண்டு கையாலும் உத்திரத்தை எட்டிப் பிடித்து, பள்ளிக்கூடப் பையனைப் போல உடம்பை மேலே உயர்த்தி, “கேட்டீங்களா எல்லாரும்!” என்று கத்திக் கையை விட்டார். விழுந்தது ஒரு முழம்கூட இருக்காது. பட்டையின் நீளம் முடிந்த இடத்தில் ஒரு வெட்டு வெட்டியது. தோளில் இருந்த இரண்டு தையலும் பட்டென்று விட்டன, தொடர்ந்து இடுப்பில் இருந்தவையும். பஞ்சு பறந்தது. மாஸ்டர் தலைகுப்புறச் சாய்ந்து வெட்டுத்துணிக் குவியலில் போய் விழுந்தார்.

 பிறகு குவியல் அசைந்தது. அவருக்கு முழங்கை சிராய்ந்திருந்தது, வேறொன்றும் இல்லை. மாமியார் ஓடிவந்து தூக்கினார். அவர் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே, மார்பில் தொங்கிய பட்டையைக் கையில் எடுத்து, தையல் விட்ட இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சாட்டின் உள்துணி அப்படியே மின்னிக்கொண்டு இருந்தது. மகளின் வயிற்றைப் பார்த்தார்.  அவ்வளவு பெரிய மனிதர் அத்தனை பேருக்கு முன்னாலும் வாய்விட்டு அழுதார்.

“கொன்னிருப்பேனே,” என்றார். “என் கையாலயே கொண்டுபோய்க் கொன்னிருப்பேனே.”

“அப்பா, விடுங்கப்பா. ஒண்ணும் ஆகலையில்ல,” என்று மகள் பக்கத்தில் உட்காரப் பார்த்தாள், வயிறு இடம் கொடுக்கவில்லை.

கூட்டம் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டது. எதிர்க்கடை மாடியில் நாற்காலியை உள்ளே எடுத்து வைத்தார்கள். மாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார். அவர் பார்வையில் கோபம் இல்லை. அதுதான் மாப்பிள்ளையால் தாங்க முடியவில்லை.

“மாப்பிள்ளை, எனக்குத் துணியும் நூலும்தான் தெரியும். இது இப்படி விட்டுடும்னு எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமா?”

பொய் சொல்லிவிடலாமா என்று அந்த நேரத்திலும் மாப்பிள்ளைக்கு ஒரு கணம் தோன்றத்தான் செய்தது.

“தெரியும் மாமா.”

“எப்பலேருந்து?”

“முத நாள்லேருந்து.”

மாஸ்டர் தலையை ஆட்டிக்கொண்டார். வேறொன்றும் கேட்கவில்லை. கேட்டவள் மகள்தான். பிய்ந்த பட்டையை அப்பாவின் கையிலிருந்து வாங்கி, தன் வயிற்றில் வைத்துப் பிடித்தபடி புருஷனின் முகத்தைப் பார்த்தாள்.

“நான் கேட்டேனே,” என்றாள். “இப்பத்தானே, இங்க நின்னு கேட்டேன்.”